மாமியார் வீட்டில் ஒரு கால்பந்து

சிறைச்சாலைக்கு 'மாமியார் வீடு' என்று முதன்முதலில் பெயர் சூட்டிய புண்ணியவான் யாரோ, நிச்சயம் ஓர் ஆண்பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு மாமியார் வீட்டில் என்ன குறை? உட்கார்ந்த இடத்துக்குக் காப்பி வரும். வேளா வேளைக்கு இலை விழும். காலணாச் செலவில்லாமல் சாப்பாடு என்பதுதான் அந்தக் கேலியின் பொருள். ஒரு பெண்ணைக் கேட்டுப் பெயர் வைத்திருந்தால் சங்கதி வேறு விதமாக அல்லவா இருக்கும்? மணி அடித்தால் எழுந்திருக்க வேண்டும். கேட்காமல் வாசற்படி தாண்டக் கூடாது. கொடுத்த வேலையை முணுமுணுக்காமல் செய்ய வேண்டும். தாய் வீட்டிலிருந்து கடிதம் வந்தால் அதைப் பிரித்துப் படித்த பிறகுதான் கைக்குத் தருவார்கள். எந்த அர்த்தத்தில் பார்த்தாலும் பொருத்தமான பெயர்தான் என்று நேயர்கள் சிலர் பெருமூச்சு விடுவது என் காதில் விழுகிறது. நம்முடைய வாசகிகளில் பாதிப் பேர் இப்போது மாமியார்கள் என்பதால், பேச்சை இத்தோடு நிறுத்திக் கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

பீளமேட்டிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவர் வீட்டுப் பையன்கள் விடுமுறை நாளில் ஓர் ஆங்கிலப் படம் பார்த்தார்களாம். ஜெயிலில் இருக்கும் கைதிகள் சேர்ந்து ஒரு புட்பால் கோஷ்டி அமைத்து, வார்டர்களோடு மாட்ச் ஆடி ஜெயிக்கிறார்களாம். பையன்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். "எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் நிஜமாகவே எங்காவது ஜெயிலில் இப்படி ஆடுவார்களா? இல்லை, எல்லாம் சினிமாக்காரர்கள் கட்டி விட்ட கதைதானா?" என்று கேட்கிறார்.

முதலில் சினிமாக் கதையைப் பார்த்து விடுவோம். இது ஒரு தனிச் சமையல். பக்குவம் எப்போதும் ஒன்றேதான். ஒரு காலத்தில் கொடி கட்டிப் பறந்த ஆட்டக்காரன் ஒருவன் ஏதோ தப்புத் தண்டா செய்து உள்ளே வருவான். ஜெயில் அதிகாரிக்கு ஆட்டத்தில் பைத்தியம். கைதிகளிலே ஒருவன் மலை போல இருப்பான், ஓட வராது. ஒருவனுக்கு ஓட வரும், நிற்க வராது. ஒருவன் பந்தை விட்டு விட்டு ஆளை உதைப்பான். இந்தப் பூதகணங்களைத் திரட்டிப் பதினொரு பேராக்கி, கடைசி ரீலில் வார்டர்களோடு மோத விடுவார்கள். 1974-ல் 'தி லாங்கஸ்ட் யார்ட்' என்று அமெரிக்காவில் வந்தது. அது அமெரிக்கப் புட்பால். பந்தைப் பெரும்பாலும் கையில் வைத்துக் கொண்டு ஓடும் அந்த ஆட்டத்துக்குப் புட்பால் என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்பது அந்தத் தேசத்தாருக்கே வெளிச்சம். அதே கதையை இங்கிலீஷ்காரர்கள் நிஜக் கால்பந்தாக மாற்றி 2001-ல் 'மீன் மெஷின்' என்று எடுத்தார்கள். பையன்கள் பார்த்தது இதுவாகத்தான் இருக்கும்.

இந்த வகையில் எனக்குப் பிடித்தது 1981-ல் ஜான் ஹூஸ்டன் எடுத்த 'எஸ்கேப் டு விக்டரி'. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மானியரிடம் பிடிபட்ட கைதிகள், பாரிஸ் நகரில் ஜெர்மன் கோஷ்டியோடு ஆடுகிறார்கள். இடைவேளையில் சுரங்கம் வழியே தப்பி விடலாம். வழியும் தயாராக இருக்கிறது. அந்த நேரம் பார்த்து, "ஆட்டத்தை முடித்து விட்டுப் போகலாமே!" என்று ஆசை வந்து விடுகிறது அவர்களுக்கு! அடுப்பில் பாலை வைத்து விட்டுத் தொடர்கதையின் கடைசிப் பக்கத்தை முடிக்க நினைப்பவர்களுக்கு இந்த மனோபாவம் நன்றாகவே புரியும். பிரேஸில் நாட்டுப் பெலே அதில் ஒரு கைதியாக வருகிறார். இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள். இதற்கு இருபது வருஷம் முன்பே, 1961-ல், ஹங்கேரியில் ஸோல்டான் ஃபாப்ரி இதே போன்ற கதையைப் படமாக்கியிருந்தார். அதன் முடிவில் சிரிப்புக்கு இடமே இல்லை.

சரி, நிஜம்?

நம் ஊரிலிருந்தே ஆரம்பிக்கலாம். கோயமுத்தூரில் நஞ்சப்பா ரோட்டில் போகிறவர்கள் மத்திய சிறையின் நீண்ட மதிலைப் பார்க்காமல் போக முடியாது. 1872-ல் கட்டிய ஜெயில். 1908 ஜூலையிலிருந்து 1910 டிசம்பர் வரை வ.உ. சிதம்பரம் பிள்ளையை வைத்திருந்தது இங்கேதான். கப்பல் ஓட்டிய மனிதரைச் செக்கு இழுக்க வைத்தார்கள். வெள்ளைக்காரன் கப்பலுக்கு எதிர்க் கப்பல் விட்டவருக்கு மாட்டின் வேலையைக் கொடுத்தால் கர்வம் அடங்கும் என்று கணக்குப் போட்டார்கள். அந்த மதிலுக்குக் கூப்பிடு தூரத்தில் இன்று வ.உ.சி. பெயரில் ஒரு பூங்கா இருக்கிறது. பூங்காவுக்குப் பக்கத்திலேயே நேரு ஸ்டேடியம். 2019 மார்ச் 9-ந் தேதி அந்த ஸ்டேடியத்தில் நடந்ததை இன்னும் சொல்லிச் சொல்லிப் பூரிக்கும் பையன்கள் இந்த ஊரில் உண்டு. சென்னை சிட்டி கோஷ்டி அந்த வருஷம் கோவையைத்தான் சொந்த மைதானமாக வைத்துக் கொண்டு ஐ-லீக் பந்தயங்களில் ஆடியது. கடைசி மாட்ச் மினர்வா பஞ்சாபுடன். முதலில் பஞ்சாப்காரர்கள் ஒரு கோல் போட்டு வயிற்றில் புளியைக் கரைத்தார்கள். பிறகு பெத்ரோ மன்ஸி பெனால்டியில் ஒன்று, கௌரவ் போரா இரண்டு. மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்து, இந்தியாவின் ஐ-லீக் கோப்பையே கோவையில் வந்து இறங்கியது. அன்றைக்கு எழுந்த சத்தம் மதிலைத் தாண்டி உள்ளே இருந்தவர்கள் காதிலும் விழுந்திருக்கும் என்றே நினைக்கிறேன். வெளியே என்ன நடக்கிறது, யார் ஜெயித்தார்கள் என்று தெரியாமல் வெறும் கூச்சலை மட்டும் கேட்பது எப்படி இருக்கும்!

இதை வீட்டில் சொன்னபோது அப்பத்தா வெற்றிலையை மடித்தபடி, "அதென்ன கண்ணு பெரிய பரிதாபம்? திருடிப் போட்டும் அடிச்சுப் போட்டும் உள்ள போனவனுக்குப் பந்து ஒண்ணுதான் கொறச்சலாக்கும்! களியைத் தின்னுபோட்டு, கல்லை ஒடைச்சுட்டுக் கெடக்கட்டும்" என்றார்.

அப்பத்தா சொல்வதைத் தள்ளி விட முடியாது. ஊரில் பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேர் இதையேதான் சொல்வார்கள். கையிலிருந்த வளையலைப் பறி கொடுத்தவளிடம் போய், "அவன் சாயங்காலம் புட்பால் ஆடுகிறான்" என்று சொன்னால் அவளுக்கு எப்படி இருக்கும்? ஆனால் உள்ளே போகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு நாள் வெளியே வருகிறார்கள். வந்து நம்மோடு பஸ்ஸில் பக்கத்தில் நிற்கப் போகிறார்கள். அடிக்குப் பயந்து மட்டும் நிற்கத் தெரிந்த மனிதனாக வருவது நல்லதா, விசில் ஊதினால் ஆத்திரத்தை அடக்கிக் கொண்டு நிற்கப் பழகிய மனிதனாக வருவது நல்லதா? நான் இரண்டாவது ஆளின் பக்கத்தில் நிற்கவே விரும்புவேன். இதை அப்பத்தாவிடம் சொன்னேன். "அப்படீங்கிறயா?" என்றாரே தவிர, ஒப்புக் கொண்டதாகத் தெரியவில்லை.

ஆகவே அவருக்குச் சொன்ன கதையையே உங்களுக்கும் சொல்கிறேன். இது தென்னாப்பிரிக்காவில் நடந்த கதை. கேப் டவுன் நகரக் கரையிலிருந்து பார்த்தாலே தெரியும் ராபன் தீவு. வெள்ளையர் ஆட்சியை எதிர்த்தவர்களை 1960-களில் கூட்டம் கூட்டமாக அங்கே கொண்டு போய் அடைத்தார்கள். நெல்ஸன் மண்டேலா இருந்தது அங்கேதான். பகலெல்லாம் கல் உடைப்பு. ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம், அதுவும் ஐந்நூறு வார்த்தைக்குள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வீட்டு மனிதர் ஒருவரைப் பார்க்கலாம். ஐந்நூறு வார்த்தை என்றால் எவ்வளவு தெரியுமா? இந்தப் பகுதியில் நான் அப்பத்தா வரை வந்து சேர்வதற்குள்ளேயே தீர்ந்து போயிருக்கும். குழந்தைக்குப் பல் முளைத்ததா, கூரை ஒழுகுகிறதா, மாமனாருக்கு உடம்பு எப்படி என்று கேட்டு முடிப்பதற்குள் காகிதம் முடிந்து விடும். பதிலுக்கு வரும் கடிதத்திலும் பாதியைக் கத்தரித்து ஜன்னல் மாதிரி ஓட்டை போட்டுத் தருவார்கள்.

உணவிலும் உடுப்பிலும் கூட ஜாதி பார்த்தார்கள் அங்கே. இந்தியக் கைதிக்கு முழுக் கால்சட்டை. கறுப்பருக்கு அரைக் கால்சட்டை. இந்தியருக்கு ரொட்டி உண்டு, கறுப்பருக்குக் கிடையாது. ஒரே குற்றம், ஒரே தண்டனை, கால்சட்டை மட்டும் வேறு! கைதிகளைத் தங்களுக்குள் பொறாமைப்பட வைக்கும் தந்திரம். நம்மவர்கள் அதில் மயங்கவில்லை. காந்தியடிகளோடு தென்னாப்பிரிக்காவில் சிறை சென்ற தம்பி நாயுடுவைப் பற்றிப் படித்திருப்பீர்கள். தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்ற அதே போராட்டம்தான். அந்தத் தம்பி நாயுடுவின் பேரன் இந்திரஸ் நாயுடு 1963-லிருந்து பத்து வருஷம் ராபன் தீவில் இருந்தார். பாட்டனார் காலத்தில் ஆரம்பித்தது பேரன் காலத்திலும் தீரவில்லை.

இந்தத் தீவில் சில கைதிகளுக்குப் புட்பால் ஆசை பிடித்தது. இரவில் கொட்டடிக்குள் காகிதத்தையும் கந்தலையும் சுருட்டிப் பந்தாக்கி, சத்தம் வராமல் ஆடிப் பார்த்தார்கள். அது போதவில்லை. வாரம் ஒரு தடவை கைதிகள் குறை சொல்லிக் கொள்ளலாம் என்று ஒரு விதி உண்டு. ஒரு வாரம் ஒருவர் போய், "நாங்கள் கால்பந்து ஆட அனுமதி வேண்டும்" என்றார். அதிகப்பிரசங்கித்தனம் என்று சாப்பாட்டைக் குறைத்தார்கள். அடுத்த வாரம் இன்னொருவர் போய் அதையே கேட்டார். அவருக்கும் அதே கதி. அதற்கு அடுத்த வாரம் வேறொருவர். இப்படி மூன்று வருஷம்! பட்டுப் புடவைக்காகக் கூட யாரும் இவ்வளவு விடாமல் கேட்டிருக்க மாட்டார்கள். இதற்கிடையில் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தார் வந்து பார்த்து, கைதிகளுக்குத் தேகப் பயிற்சி வேண்டாமா என்று அதிகாரிகளை நெருக்கினார்கள். 1967-ஆம் வருஷக் கடைசியில், "சரி, சனிக்கிழமைகளில் அரை மணி நேரம் ஆடித் தொலையுங்கள்" என்று உத்தரவு கிடைத்தது. இரண்டு வாரத்தில் சலித்து விட்டு விடுவார்கள் என்று வார்டர்கள் நினைத்திருக்க வேண்டும்.

ரேஞ்சர்ஸ் என்றும் பக்ஸ் என்றும் இரண்டு கோஷ்டிகள் சிறை உடுப்போடேயே முதல் மாட்ச் ஆடின. வாரம் முழுவதும் பாறை உடைத்த உடம்பு. பல பேருக்குப் பாதி ஆட்டத்திலேயே மூச்சு வாங்கி விட்டது. ஆனாலும் விடுவார்களா? மேடும் பள்ளமுமாகக் கிடந்த நிலத்தைத் தாங்களே சமன் செய்து மைதானமாக்கினார்கள். கரையில் ஒதுங்கிய பழைய மீன் வலையைப் பொறுக்கி வந்து கோலுக்கு வலை கட்டினார்கள். பிற்பாடு, கைதிகள் தங்கள் கையிலிருந்த சொற்பக் காசைச் சேர்த்துச் சட்டையும் பூட்ஸும் தருவித்துக் கொண்டார்கள்.

இனிமேல்தான் வேடிக்கை. சிறை நூல் நிலையத்தில் ஃபிஃபா சங்கத்தின் ஆட்ட விதிப் புத்தகம் ஒன்று இருந்தது. அதை வேத புத்தகமாக வைத்துக் கொண்டு ஒரு சங்கமே ஆரம்பித்து விட்டார்கள். 'மக்கானா கால்பந்து சங்கம்' என்று பெயர். மக்கானா என்பவர் 1819-ல் வெள்ளையரை எதிர்த்துப் போராடி இதே தீவில் சிறைப்பட்டு, தப்பிக்கும் முயற்சியில் கடலில் மூழ்கிப் போன வீரர். சங்கத்துக்குத் தலைவர், காரியதரிசி, நிர்வாகக் கமிட்டி, ரெஃபரிகளுக்குத் தனிச் சங்கம், முதலுதவிக் குழு, ஒழுங்கு நடவடிக்கைக் கமிட்டி எல்லாம் உண்டு. கிளப்புகளை ஏ, பி, சி என்று மூன்று பிரிவாக வகுத்தார்கள். அரசியலில் எலியும் பூனையுமாக இருந்த இரண்டு கட்சிக்காரர்கள் அங்கே அடைபட்டிருந்தார்கள்; ஆரம்பத்தில் கிளப்புகளும் கட்சி வாரியாகவே பிரிந்து நின்றன. 'மனோங்' என்ற கிளப் மட்டும், எந்தக் கட்சியாக இருந்தாலும் ஆட்டம் தெரிந்தால் வா என்றது. அவர்கள் நன்றாக ஆடினார்கள் என்று சொல்ல வேண்டுமா?

எதற்கும் வாய்ப்பேச்சு கிடையாது. எல்லாம் எழுத்து மூலம். பக்கத்துக் கொட்டடியில், கையை நீட்டினால் தொடும் தூரத்தில் இருப்பவருக்கு, 'மதிப்பிற்குரிய காரியதரிசி அவர்களுக்கு' என்கிற ரீதியில் கடிதம் எழுதுவார்கள். போன சனிக்கிழமை ரெஃபரி நடந்து கொண்ட விதம் பற்றி ஆட்சேபம்; ஆட்சேபத்துக்குப் பதில்; பதிலுக்கு மேல்முறையீடு. மாதர் சங்கத்தில் காரியதரிசியாக இருந்து பார்த்த சகோதரிகளுக்கு இந்த அவஸ்தையை விளக்க வேண்டியதில்லை. சுண்டல் செலவு மூன்று ரூபாய் அதிகமானதற்கு மூன்று கூட்டம் போட்ட அநுபவம் யாருக்குத்தான் இல்லை! இப்படி எழுதிய காகிதங்கள் பெட்டி பெட்டியாக இன்றும் தென்னாப்பிரிக்கப் பல்கலைக் கழகம் ஒன்றின் ஆவணச் சாலையில் இருக்கின்றன. சக் கோர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் அவற்றைப் படித்துப் பார்த்து, இன்னொருவரோடு சேர்ந்து 2008-ல் ஒரு புத்தகமே எழுதினார்.

எல்லாக் காகிதத்துக்கும் சிகரமாக ஒரு வழக்கு உண்டு. 1970-ல் நடந்தது. தீவிலிருந்த சூரப்புலி ஆட்டக்காரர்கள் எல்லாம் சேர்ந்து 'அட்லாண்டிக் ரெய்டர்ஸ்' என்று ஒரு கோஷ்டி அமைத்தார்கள். கோப்பை நமக்குத்தான் என்று இறுமாப்பு. எதிர்த்து ஆட வந்தது 'புளூ ராக்ஸ்'. ஏப்பை சாப்பையான கோஷ்டி. ஆட்டம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் புளூ ராக்ஸ் எப்படியோ ஒரு கோல் போட்டு விட்டது. "அது கோலே இல்லை, விதிக்கு விரோதம்!" என்று ரெய்டர்ஸ் குதித்தார்கள். ரெஃபரி, கோல் கோல்தான் என்றார். அதற்குப் பிறகு புளூ ராக்ஸ் பதினொரு பேரும் கோல் வாசலில் மதில் சுவராக நின்று விட்டார்கள். சூரப்புலிகள் முட்டி மோதிப் பார்த்தும் பலிக்கவில்லை. ஒன்றுக்குச் சைபர்!

மேல்முறையீடு தள்ளுபடியானது. அடுத்த சந்தர்ப்பத்தில் மற்ற கோஷ்டிகளின் மாட்ச் ஆரம்பிக்கும் நேரத்தில் ரெய்டர்ஸ்காரர்கள் மைதானத்துக்குள் போய் நீட்டி நிமிர்ந்து படுத்து விட்டார்கள். எழுந்திருக்க மாட்டோம் என்று சத்தியாக்கிரகம்! ஜெயில் அதிகாரிகளை எதிர்த்தல்ல, தங்கள் சொந்தச் சங்கத்தை எதிர்த்து! வார்டர்கள் இதைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசித்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. சங்கம் சும்மா இருக்குமா? விசாரணை. இரு தரப்புக்கும் வாதம் செய்ய ஆட்கள். சாட்சிகள், குறுக்கு விசாரணை. மாதக் கணக்கில் நடந்தது வழக்கு. ஒரு நியாயமான விசாரணையும் இல்லாத ஆட்சியினால் தண்டிக்கப்பட்டவர்கள், ஒரு கோலுக்காக ஹைகோர்ட்டே தோற்கும்படி நியாயம் பேசினார்கள். வெளியே அந்த மனிதர்களுக்கு ஓட்டுரிமை கிடையாது. மதிலுக்கு உள்ளே தேர்தல் வைத்தார்கள், தீர்ப்புச் சொன்னார்கள், தீர்ப்பைப் பிடிக்காவிட்டாலும் கட்டுப்பட்டார்கள்.

அந்தச் சங்கத்தின் தலைவராக இருந்த டிக்காங் மொஸெனெகே தீவுக்கு வந்தபோது வயது பதினைந்து. நம் வீட்டில் அந்த வயதுப் பையனைத் தனியாகக் காந்திபுரம் வரை அனுப்பவே யோசிப்போம். சிறையிலேயே படித்து, பிற்பாடு தென்னாப்பிரிக்காவின் துணைத் தலைமை நீதிபதியாகி, 2016 வரை அந்தப் பதவியில் இருந்தார். ரெஃபரியாக விசில் ஊதிய ஜேக்கப் ஜூமா 2009-ல் ஜனாதிபதியானார். பதவியில் இருந்தபோது ஊழல் புகார்கள் கிளம்பி 2018-ல் விலக நேர்ந்தது என்பதையும் சொல்லி விட வேண்டும். விசில் பிடித்தவர்கள் எல்லாரும் விதிப் புத்தகத்தை மறக்காமல் இருக்கிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை.

மண்டேலா ஆடினாரா என்று கேட்பீர்கள். இல்லை. அவரையும் முக்கியமான சில தலைவர்களையும் தனிப் பகுதியில் வைத்திருந்தார்கள். அவர்களுக்கு ஆட அனுமதி இல்லை. ஜன்னல் வழியே கொஞ்ச நாள் வேடிக்கை பார்த்தார். அது தெரிந்ததும் குறுக்கே ஒரு சுவரை எழுப்பி விட்டார்கள். அப்புறம் அவருக்கும் வெறும் கூச்சல் மட்டும்தான்.

"அந்தக் கைதிங்க நாட்டுக்காகப் போனவிங்க, திருடனும் அவுங்களும் ஒண்ணா?" என்று அப்பத்தா மறுபடியும் மடக்கினார். நியாயமான கேள்வி. யுகாண்டா தேசத்தில் லுஸீரா என்ற பெரிய ஜெயில் இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் தேசபக்தர்கள் அல்ல. கொலை, கொள்ளை செய்து வந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களும் பத்துக் கோஷ்டிகள் வைத்துக் கொண்டு, எழுதி வைத்த சட்டதிட்டத்தோடு சங்கம் நடத்துகிறார்கள். கோஷ்டிகளுக்கு மான்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல், ஆர்ஸனல் என்று பெயர். பெயரிலாவது வெளியூர் போய் வருகிறார்கள் போலும்! நம் தேசத்தில் இந்தியன் ஆயில் கம்பெனியார் 2021-ல் சிறைவாசிகளுக்கு விளையாட்டுப் பயிற்சி அளிக்கும் திட்டம் ஒன்றை ஆரம்பித்தார்கள். சதுரங்கத்தில் புணே எரவாடா ஜெயில் கைதிகள் 2023-ல் பல நாட்டுச் சிறைவாசிகள் கலந்து கொண்ட பந்தயத்தில் தங்கப் பதக்கமே வாங்கினார்கள். ஆடியவர்கள் யார், என்ன குற்றம் செய்தவர்கள் என்று நான் துருவிப் பார்க்கவில்லை. ராஜாவைத் தப்ப வழியில்லாமல் மடக்கினால் ஆட்டம் முடிந்தது என்று ஒப்புக் கொண்டு கை குலுக்கத் தெரிந்திருக்கிறது அவர்களுக்கு.

ராபன் தீவின் மக்கானா சங்கத்தை 2007-ல் ஃபிஃபா தன் கௌரவ உறுப்பினராகச் சேர்த்துக் கொண்டது. யாருடைய விதிப் புத்தகத்தை வைத்துக் கைதிகள் வழக்காடினார்களோ, அந்தச் சங்கமே வந்து பத்திரம் கொடுத்தது. ஜூலை 18, மண்டேலாவின் 89-ஆவது பிறந்த நாள். பிரபல ஆட்டக்காரர்கள் தீவுக்குப் போய், கைதிகள் ஓடிய அந்த மைதானத்தில் வரிசையாக நின்று, வயதுக்கு ஒன்றாக 89 கோல் அடித்தார்கள். கேமரூன் தேசத்து ஸாமுவெல் எடோ அவர்களில் ஒருவர். இன்னொருவர், முன்பு சினிமாவில் கைதி வேஷம் போட்ட பெலே.